நீதிமன்றம் ஏறாத வழக்கு: ரஸ்புதின் கொலையும் ரோமானோவ் வம்சத்தின் கடைசி எழுபத்தைந்து நாட்களும்

1916 டிசம்பர் 17. அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் மாலயா நெவ்கா ஆற்றின் மேலுள்ள பெத்ரோவ்ஸ்கி பாலத்தின் கைப்பிடியில் ரத்தக் கறை இருப்பதாகப் போலீசுக்குத் தகவல் வந்தது. கீழே பனிக்கட்டியின் விளிம்பில், குளிர்காலத்தில் காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறை ஒன்று கிடந்தது. பத்தாம் எண் அளவு. ரஸ்புதின் வீட்டாரிடம் காட்டியபோது, அது அப்பாவுடையது என்று பெண் பிள்ளைகள் அடையாளம் சொன்னார்கள். 19ஆம் தேதி காலை, பாலத்திலிருந்து சற்றுத் தள்ளி, பனிக்கட்டிக்கு அடியிலிருந்து, ரோமானோவ் அரண்மனைக்குள் சாமியாராக வலம்வந்த கிரிகோரி ரஸ்புதினின் உடலை மேலே இழுத்தார்கள்.

(தேதிகளெல்லாம் அன்றைய ரஷ்யாவில் வழங்கிய பழைய நாட்காட்டிப்படி. நம் நாட்காட்டிக்குக் கொண்டுவரப் பதின்மூன்று நாள் கூட்டிக்கொள்ளவும்.)

கொலை வழக்குகளில் இது விசித்திரமான வகை. கொன்றவர்கள் யார் என்பது பிணம் கிடைப்பதற்கு முன்பே போலீசுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர், கொன்ற சூட்டோடு, தெருவில் காவல் நின்ற போலீஸ்காரரை அழைத்துத் தானே சொல்லியிருந்தார். ஆனாலும் குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சிக்கூண்டு இல்லை, தண்டனை என்று சொல்லத்தக்க தண்டனையும் இல்லை. எழுபத்தைந்தாம் நாள், வழக்கை நடத்த வேண்டிய மகுடமே இல்லாமல் போனது.

கள்ளச் சாமியார் ஒருவர் அரண்மனைக்குள் புகுந்தார், ராணியை மயக்கினார், ராஜ்ஜியம் அழிந்தது என்ற கதையைக் கேட்காதவர்கள் குறைவு. அதில் பாதியைக் கொலையாளிகள் எழுதினார்கள், மீதியை ஊர் எழுதியது. கோப்பைப் பொறுமையாகப் புரட்டினால் எனக்குத் தெரிவது வேறு. அந்த மனிதர் அரண்மனைக்குள் ஏன் இருந்தார் என்ற ஒரு கேள்விக்கு அரசு பதினோரு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் விளைந்ததுதான் மற்றதெல்லாம். கொலையும் அதில் விளைந்ததே.

கொலையாளிகள் சொன்ன கதை

சதியில் ஐந்து பேர். பெலிக்ஸ் யூசுபோவ், ரஷ்யாவின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்றின் வாரிசு. ஜார் எனப்படும் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸின் சகோதரி மகள் இரினாவின் கணவர். திமித்ரி பாவ்லோவிச், ஜாரின் சித்தப்பா மகன், இருபத்தைந்து வயது இளவரசர். விளாதிமிர் புரிஷ்கேவிச், டூமா என்ற நாடாளுமன்றத்தின் தீவிர வலதுசாரி உறுப்பினர், யூத வெறுப்பையே அரசியலாகக் கொண்டவர். இவர்களுடன் லாசவெர்ட் என்ற மருத்துவரும், சுகோதின் என்ற ராணுவ அதிகாரியும். ஒருவர்கூடப் புரட்சிக்காரர் இல்லை. எல்லோரும் மகுடத்தின் பக்கத்து ஆட்கள். ஜாரைக் காப்பாற்றுவதற்காகவே கொல்கிறோம் என்று உண்மையாக நம்பியவர்கள்.

டிசம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு, மொய்கா வாய்க்கால் கரையிலுள்ள தன் மாளிகைக்கு யூசுபோவ் ரஸ்புதினைக் காரில் அழைத்து வந்தார். இரினாவைச் சந்திக்கலாம் என்பது தூண்டில். இரினா அப்போது நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கிரீமியாவில் இருந்தார். காரை ஓட்டியவர் சாரதி வேடத்தில் மருத்துவர். மாளிகையின் அடித்தளத்தில் ஓர் அறையை விருந்துக்கென்றே கம்பளமும் நாற்காலியும் போட்டு ஒப்பனை செய்திருந்தார்கள். மாடியில் மற்றவர்கள் கிராமபோனை ஓடவிட்டு, பெண்கள் விருந்து இன்னும் முடியவில்லை என்று நடித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி யூசுபோவின் வாய்மொழி. சயனைடு கலந்த கேக்கை ரஸ்புதின் தின்றார், ஒன்றும் ஆகவில்லை. சயனைடு கலந்த மதீரா ஒயினைக் குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார், பாடச் சொன்னார். யூசுபோவ் கிதார் எடுத்துப் பாடினார். மணி இரண்டரை ஆனது. பொறுமையிழந்த யூசுபோவ் மாடிக்குப் போய்த் துப்பாக்கியோடு வந்து, அலமாரியிலிருந்த படிகச் சிலுவையைப் பார்த்து ஜெபிக்கச் சொல்லி, நெஞ்சில் சுட்டார். விழுந்தவர் செத்தார் என்று மருத்துவரும் சொன்னார். சற்று நேரம் கழித்து யூசுபோவ் தனியாக வந்து உடலைக் குலுக்க, பிணம் கண் திறந்தது, எழுந்தது, அவர் தோளைப் பற்றியது. பிறகு படியேறி முற்றத்துப் பனியில் ஓடியது. புரிஷ்கேவிச் துரத்திக்கொண்டு சுட்டார். நான்கு குண்டுகளில் இரண்டு பட்டன. கட்டித் தூக்கி ஆற்றில் போட்டார்கள்.

சத்தம் கேட்டு வந்த காவலரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிய சில நிமிடங்களில், புரிஷ்கேவிச் அதே காவலரைத் திரும்ப அழைத்து, தான் யாரென்று சொல்லி, ஜார்மீதும் தாய்நாட்டின்மீதும் அன்பு உண்டா என்று கேட்டு, ரஸ்புதின் ஒழிந்தார், வாயை மூடிக்கொள் என்றார். காவலர் நேராகப் போய் மேலதிகாரியிடம் சொன்னார். பின்னே என்ன செய்வார்?

காலையில் முற்றத்து ரத்தத்துக்கு யூசுபோவ் வைத்திருந்த பதில், விருந்தினர் ஒருவர் குடிபோதையில் நாயைச் சுட்டார் என்பது. பதிலுக்குப் பொருத்தமாக ஒரு நாயையும் சுட்டு வைத்திருந்தார்கள். பிணத்தில் எடை கட்டுவதற்குக் கொண்டுபோனவற்றைக் கட்ட மறந்தவர்கள், நாயை மட்டும் மறக்கவில்லை.

உடல் சொன்ன கதை

பிரேதப் பரிசோதனை செய்தவர் பேராசிரியர் கொசொரோதோவ். அறிக்கையின் மூலப்பிரதி இன்று கிடைப்பதில்லை. புகைப்படங்களும், அவர் சொன்னதாகப் பதிவானவையும் நிற்கின்றன. மூன்று குண்டுக் காயங்கள். இடப்பக்க மார்பில் நுழைந்து இரைப்பையையும் ஈரலையும் துளைத்தது ஒன்று. முதுகில் நுழைந்து சிறுநீரகத்தைத் தாக்கியது ஒன்று. மூன்றாவது நெற்றியில், மிக அருகிலிருந்து. நெற்றியில் அப்படிச் சுடப்பட்டவர் ஆற்றுக்குள் கட்டை அவிழ்த்துக்கொண்டு நீந்துவதில்லை. நீரில் மூழ்கி இறந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. விஷத்துக்கும் தடயம் இல்லை.

அப்படியானால் சயனைடு? சதிகாரர்களுக்கு ஆலோசனை சொன்ன மக்லாகோவ் என்ற வழக்கறிஞர், தான் கொடுத்தது தீங்கில்லாத தூள் என்று பின்னாளில் சொன்னார். அப்பா இனிப்பைத் தொடுவதே இல்லை என்று மகள் மத்ரியோனா எழுதினார். கேக்கில் விஷம் இல்லை என்றோ, இருந்தும் அவர் தின்னவில்லை என்றோ கொள்ளலாம். விஷத்தைச் செரித்தார் என்று கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உறைந்த உடலின் கைகள் மேலே தூக்கியபடி இருந்ததைப் பார்த்து, கட்டை அவிழ்த்துச் சிலுவைக்குறி போட முயன்றார் என்ற கதை கிளம்பியது. உறைந்த பிணத்தின் கை எந்தக் கோணத்திலும் நிற்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, சாகாவரம் பெற்ற பூதம் என்ற கதையால் யாருக்கு லாபம் என்பது. விருந்துக்கு அழைத்த, ஆயுதமில்லாத ஒரு நடுத்தர வயது விவசாயியை ஐந்து பேர் சேர்ந்து சுட்டுக் கொன்றோம் என்று எழுதினால் அது கேவலம். விஷத்துக்கும் தோட்டாவுக்கும் மசியாத சாத்தானோடு மல்லுக்கட்டினோம் என்று எழுதினால் அது காவியம். புரிஷ்கேவிச்சும் யூசுபோவும் தத்தம் நினைவுகளைப் புத்தகமாக்கினார்கள். இரண்டும் பல இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. யூசுபோவ் 1967இல் பாரிசில் இறக்கும் வரை அந்த ஓர் இரவை வைத்தே அறியப்பட்டார்.

ஆங்கிலேய உளவுத்துறையின் கை இதில் உண்டு என்ற பேச்சு அன்றே இருந்தது. யூசுபோவுடன் ஆக்ஸ்போர்டில் படித்த ஆங்கிலேய நண்பர் ஒருவர்மீது ஜாருக்கே சந்தேகம் இருந்ததை பிரிட்டிஷ் தூதர் புக்கனன் பதிவு செய்திருக்கிறார். நெற்றிக் குண்டு அந்த நண்பருடையது என்று அண்மைக் காலத்தில் சிலர் வாதிடுகிறார்கள். ஆவணம் என்று கையில் வைக்கக்கூடியது எதுவும் வரவில்லை. எனவே கடந்து போகலாம்.

கொலைக்கு வராத நீதிமன்றம், கதைக்கு வந்தது. ஹாலிவுட் நிறுவனம் ஒன்று 1932இல் எடுத்த படத்தில் ரஸ்புதினால் சீரழிக்கப்படும் இளவரசி பாத்திரம் தன்னையே குறிக்கிறது என்று இரினா லண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1934இல் 25,000 பவுன் வென்றார். படம் தொடங்கும்முன் திரையில் வரும் ‘இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்ற வாசகம் உலகெங்கும் பரவியதற்கு இந்தத் தீர்ப்பையே காரணம் காட்டுவார்கள். நம் ஊர்த் திரையரங்குகளில் நாம் படிக்காமல் கடந்துவிடும் அந்த வரிக்குப் பின்னால் ஒரு மொய்கா மாளிகை நிற்கிறது.

பரதேசியும் பட்டத்துப் பிள்ளையும்

தமிழில் ரஸ்புதினைத் ‘துறவி’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர் எந்த மடத்திலும் சேர்ந்தவர் அல்லர். குருப்பட்டம் பெற்றவரும் அல்லர். 1869இல் மேற்கு சைபீரியாவின் பொக்ரோவ்ஸ்கோயே கிராமத்தில் பிறந்த குடியானவர். பதினெட்டு வயதில் கல்யாணம், வளர்ந்து நின்ற பிள்ளைகள் மூவர். முப்பதை நெருங்கும்போது வெர்கோத்தூரியே மடத்துக்கு யாத்திரை போனார். அதன்பின் ஊர் ஊராக நடந்தார். அப்படிப்பட்டவர்களை ரஷ்யாவில் ‘ஸ்த்ரான்னிக்’ என்பார்கள். நம்மிடம் அதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் உண்டு: பரதேசி. கோயில் கோயிலாக நடப்பவர், கிடைத்த திண்ணையில் படுப்பவர், சிலர் கண்ணுக்குச் சித்தர், சிலர் கண்ணுக்குச் சோம்பேறி.

இப்படிப்பட்டவர்களை வரவேற்கும் வாசல் பெட்ரோகிராடில், அப்போதைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஏற்கனவே திறந்திருந்தது. ரஸ்புதினுக்கு முன்பே பிரான்சின் லியோன் நகரிலிருந்து பிலிப் என்ற அற்புத வைத்தியரை வரவழைத்திருந்தார்கள். நான்கு பெண்களுக்குப் பிறகு ஆண் வாரிசு வேண்டும் என்ற ஏக்கத்தில் பேரரசி அலெக்ஸாண்ட்ரா அவரை நம்பினார். 1902இல் கர்ப்பம் என்று நாடெங்கும் எதிர்பார்த்தது, கர்ப்பமே இல்லை என்று முடிந்தது. பிலிப்பை அறிமுகம் செய்த மாண்டினீக்ரோ நாட்டு இளவரசியரே பின்னர் ரஸ்புதினையும் அறிமுகம் செய்தார்கள். 1905 நவம்பர் 1ஆம் தேதி நாட்குறிப்பில், தொபோல்ஸ்க் மாகாணத்திலிருந்து வந்த கிரிகோரி என்ற தேவ மனிதரைச் சந்தித்ததாக இரண்டாம் நிக்கோலாஸ் எழுதினார். அந்த ஆண்டு ரஷ்யாவில் புரட்சி. இரண்டு வாரத்துக்கு முன்புதான் டூமாவுக்கு வழிவிடும் அறிக்கையில் அவர் மனமில்லாமல் கையெழுத்திட்டிருந்தார்.

இடையில், 1904 ஜூலை 30 அன்று, பட்டத்து வாரிசு அலெக்ஸி பிறந்தான். ஆறு வாரத்தில் தொப்புளிலிருந்து ரத்தம் கசிந்தது, நிற்கவில்லை. அம்மாவுக்குப் பார்த்தவுடன் புரிந்திருக்கும். விக்டோரியா மகாராணியின் பேத்தியான அலெக்ஸாண்ட்ராவின் சொந்த அண்ணன், இரண்டரை வயதில் ஜன்னலிலிருந்து விழுந்து, ரத்தம் நிற்காமல் இறந்தவர். அக்கா இரேனின் நான்கு வயது மகன் ஹைன்ரிக் இறந்து அப்போது ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஹீமோபீலியா. ரத்தம் உறையாத நோய். பெண்கள் வழியாக வந்து ஆண் பிள்ளைகளைத் தாக்கும். அலெக்ஸிக்கு இருந்தது அதன் ‘பி’ வகை என்பதை, யெக்காத்தரின்பர்க் அருகே கிடைத்த அரச குடும்பத்தின் எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2009இல் உறுதி செய்தார்கள். அன்றைய மருத்துவத்திடம் ஐஸ் கட்டியும் படுக்கையும் தவிர வேறொன்றும் இல்லை.

இங்கேதான் அரசு ஒரு முடிவெடுத்தது: யாரிடமும் சொல்லக்கூடாது. முந்நூறு ஆண்டு வம்சத்தின் பட்டத்து வாரிசு, ஜாரின் ஒரே மகன், எந்த நாளும் சாகலாம் என்பது வெளியே தெரிந்தால் சிம்மாசனம் ஆடும் என்று கணக்குப் போட்டார்கள். அரண்மனையில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்குக்கூட நோயின் பெயர் நீண்ட காலம் தெரியாது. 1913இல் வம்சத்தின் முந்நூறாம் ஆண்டு விழா ஊர்வலத்தில் எட்டு வயதுப் பையனை ஒருவர் தூக்கிக்கொண்டு நடந்ததை மாஸ்கோவே பார்த்தது. என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய இலையுதிர் காலம், போலந்தின் ஸ்பாலா வேட்டை மாளிகை. பையனுக்குத் தொடையிலும் அடிவயிற்றிலும் உட்கசிவு. நாட்கணக்கில் அலறல். மருத்துவர்கள் கைவிட்டார்கள், கடைசிப் பூசையும் நடந்தது. உடல்நிலை அறிக்கைகள் முதல்முறையாக வெளிவந்தன, நோயின் பெயர் மட்டும் இல்லாமல். பேரரசி சைபீரியாவிலிருந்த ரஸ்புதினுக்குத் தந்தி அடிக்கச் சொன்னார். பதில் வந்தது: சிறுவன் சாக மாட்டான், மருத்துவர்கள் அவனை அதிகம் தொந்தரவு செய்ய வேண்டாம். அதன்பின் கசிவு நின்றது.

இதற்கு விளக்கங்கள் பல. மருத்துவர்கள் கையை எடுத்ததே நல்லதாகப் போயிற்று என்பது ஒன்று. அம்மாவின் பதற்றம் அடங்க, பிள்ளையின் பதற்றமும் ரத்த ஓட்டமும் அடங்கின என்பது இன்னொன்று. எல்லாக் கசிவும் ஒரு கட்டத்தில் தானாகவும் நிற்கும். தந்தி வந்த நேரம் அப்படி அமைந்தது என்பது மூன்றாவது, என் பார்வையில் வலுவானது. ஆனால் பதினொரு நாள் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த தாயிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கலாம். அவர் முடிவு செய்துவிட்டார். அந்த மனிதர் உயிரோடிருக்கும்வரை பிள்ளை இருப்பான்.

ஊர்வாய்

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அதிலும், உள்ளே என்ன வேகிறது என்று சொல்லாமல் மூடியை மட்டும் அழுத்திப் பிடித்தால்?

குடித்துவிட்டுப் பெண்களோடு திரியும், எழுத்துக் கூட்டி எழுதும் ஒரு சைபீரியக் குடியானவர் பேரரசியின் அறைக்கு ஏன் போகிறார்? உண்மையான பதில்: பிள்ளை சாகிறான். அந்தப் பதில் ராஜாங்க ரகசியம். அப்படியானால் மக்களே ஒரு பதிலைச் செய்துகொள்வார்கள். ஓர் ஆண், ஒரு பெண் என்றால் எந்த ஊரிலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்.

இலியோதோர் என்ற துறவி, முதலில் ரஸ்புதினின் நண்பர், பிறகு ஜென்மப் பகைவர். அவர் கையில் சிக்கிய பேரரசியின் கடிதம் ஒன்று 1912இல் நகல்களாகத் தலைநகரெங்கும் சுற்றியது. உங்கள் தோளில் சாய்ந்து உறங்கிவிட வேண்டும், கைகளை முத்தமிடுகிறேன் என்ற ரீதியில் எழுதிய கடிதம். பக்தியும் காதலும் ஒரே மொழியைப் பேசும் என்பது நாயகி பாவத்தில் ஊறிய நமக்குப் புதிதல்ல. தலைநகரின் வரவேற்பறைகளில் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. டூமாவில் பிரச்சினை எழுந்தது. பத்திரிகைகள் ரஸ்புதின் பற்றி எழுதக்கூடாது என்று அரசு தடுக்கப் பார்த்தது. ஒரு பெயரைப் பரப்ப இதைவிட நல்ல வழி கிடையாது.

1914 ஜூன் 29 அன்று பொக்ரோவ்ஸ்கோயே தெருவில், இலியோதோரின் பக்தை ஹியோனியா குசேவா ரஸ்புதினை வயிற்றில் கத்தியால் குத்தினார். ஐரோப்பா போருக்குப் போன வாரங்களில் அவர் சைபீரிய மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அங்கிருந்து, போர் வேண்டாம், ரஷ்யா கண்ணீரிலும் ரத்தத்திலும் மூழ்கும் என்று ஜாருக்குச் செய்தி அனுப்பினார். ஜார் கேட்கவில்லை. ஜார் அவர் கையில் பொம்மை என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டுவார்கள்.

போர் வந்தபின் பேரரசி ஜெர்மன்காரி ஆனார். ஜெர்மனியின் ஹெஸ்ஸெயில் பிறந்தவர், ஆனால் இங்கிலாந்துப் பாட்டியின் வளர்ப்பு. கணவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர். பிரஷ்ய மன்னர் வில்ஹெல்மை வெறுத்தவர். இதெல்லாம் அகழியில் பட்டினி கிடந்த சிப்பாய்க்கு எப்படித் தெரியும்? ஜார் புனித ஜார்ஜ் பதக்கம் அணிவிக்கும் செய்திப்படம் திரையில் ஓடும்போது, ‘ஜார் ஜார்ஜோடு, ஜாரினா கிரிகோரியோடு’ என்று இருட்டிலிருந்து குரல் வரும். அரசு அந்தப் படத்தைத் திரையிடுவதையே நிறுத்தியது.

1917இல், ஜார் போனபின் வந்த தற்காலிக அரசு விசாரணைக் குழு அமைத்துச் சிறையிலிருந்த பழைய மந்திரிகளை வரிசையாக உட்காரவைத்துக் கேட்டது. கேள்வி பதில்களைத் தொகுத்தவர்களில் ஒருவர் கவிஞர் அலெக்ஸாந்தர் பிளோக். ஜெர்மனியோடு அரண்மனை நடத்திய ரகசியப் பேரம் என்று ஊரே நம்பியதற்குக் குழு ஆதாரம் தேடியது, கிடைக்கவில்லை. ரஸ்புதினின் காமக்கூட்டாளி என்று ஏசப்பட்ட பேரரசியின் தோழி அன்னா விருபோவாவை மருத்துவப் பரிசோதனைக்கே உட்படுத்தினார்கள்; கன்னி என்று முடிவு வந்தது. ரஸ்புதின் யோக்கியர் என்று இதற்குப் பொருளல்ல. குடி, பெண்கள், மனு வாங்கிச் சிபாரிசுக் குறிப்பு எழுதிக்கொடுப்பது எல்லாம் உண்டு. ஆனால் சிம்மாசனத்தை அரித்தவை அவர் செய்த காரியங்களைவிட, செய்யாதவைதான்.

மந்திரி நாற்காலிகள்

1915 ஆகஸ்டில் நிக்கோலாஸ் தானே படைத்தலைமை ஏற்று மொகிலியோவ் முகாமுக்குப் போனார். மந்திரிகள் பெரும்பாலோர் வேண்டாம் என்று மன்றாடினார்கள்: இனி ஒவ்வொரு தோல்வியும் உங்கள் பெயரில் எழுதப்படும். அவர் கேட்கவில்லை. தலைநகர் பேரரசியின் கைக்கு வந்தது. நாள்தோறும் கடிதம், கடிதத்தில் ‘நம் நண்பர்’ சொன்னார் என்ற வரி. நம் ஊரில் தலையணை மந்திரம் என்பார்கள். இது தபால் வழி.

அடுத்த பதினெட்டு மாதங்களுக்குள் நான்கு பிரதமர்கள், ஐந்து உள்துறை மந்திரிகள், மூன்று வெளியுறவு மந்திரிகள், மூன்று போர் மந்திரிகள். இந்த ஐவரில் அலெக்ஸி ஹ்வொஸ்தோவின் கதை தனி. ரஸ்புதினின் தயவில் உள்துறைக்கு வந்தவர், சில மாதங்களில் அதே ரஸ்புதினைக் கொல்லத் திட்டம் போட்டார். நாட்டின் போலீஸ் அனைத்தும் அவர் கையில். ரஸ்புதினின் மெய்க்காவலர்களும் அவர் ஆட்கள். ஆனாலும் துணை மந்திரி காட்டிக்கொடுக்க, விஷயம் வெளியே வந்து நாற்காலி போயிற்று. உள்துறை மந்திரி கூலிக்கு ஆள் தேடி, அதிலும் தோற்கும் அரசு எப்படிப்பட்டது என்பதை அறிய இந்த ஒரு சம்பவம் போதும். மொய்கா மாளிகைச் சதியைவிட இதுவே எனக்கு அதிகம் பேசுகிறது.

ரஸ்புதின் சொன்னதெல்லாம் நடந்ததா? இல்லை. 1916 நவம்பரில், பேரரசி தாங்கிப் பிடித்த பிரதமர் ஸ்த்யூர்மரை ஜார் நீக்கினார். உள்துறையின் புரொத்தோபோபோவையும் நீக்கப் போவதாக எழுதி, இதில் நம் நண்பரை இழுக்க வேண்டாம், பொறுப்பு என்னுடையது என்று மனைவியைக் கேட்டுக்கொண்டார். பேரரசி நேரில் வந்து வாதாடினார், புரொத்தோபோபோவ் தங்கினார். டிசம்பர் 14 அன்று பேரரசி கணவருக்கு எழுதினார்: மகா பீட்டராக இரு, இவான் பயங்கரனாக இரு, எல்லோரையும் உன் காலடியில் நசுக்கு. கண்டிப்புக்கு நன்றி என்று சிரித்தபடி பதில் எழுதிய கணவர், ‘மனவலிமையில்லாத உன் ஏழைப் புருஷன்’ என்று கையெழுத்திட்டார். பரதேசி இல்லாமலேயே இந்தக் குடும்பம் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்குள் டூமாவின் நிதானமான தலைவர்களும் பொறுமையிழந்திருந்தார்கள். நவம்பர் 1 அன்று மிலியுகோவ் அரசின் தவறுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இது முட்டாள்தனமா துரோகமா என்று கேட்டார். 19ஆம் தேதி புரிஷ்கேவிச் எழுந்து, மகுடத்தின் விசுவாசியாகவே நின்று, இருண்ட சக்திகளைச் சாடினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யூசுபோவ் ஒருவர். ஓரிரு நாட்களில் இருவரும் சந்தித்தார்கள்.

எழுபத்தைந்து நாட்கள்

கொலைச் செய்தி பரவியதும் தலைநகரில் முன்பின் தெரியாதவர்கள் கட்டித் தழுவிக்கொண்டதாகவும், கசான் தேவாலயத்தில் புனித திமித்ரியின் படத்துக்கு முன் மெழுகுவத்திகள் குவிந்ததாகவும் அன்றைய நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. கிராமங்களில் வேறு குரல். எங்கள் ஆள் ஒருவர் ஜார்வரை போனார், சீமான்கள் கொன்றுவிட்டார்கள். பெட்ரோகிராடின் மாளிகைகளுக்கு இந்தக் குரல் எட்டவில்லை.

பேரரசி, தனக்கு அதிகாரமில்லாத போதும், திமித்ரியைத் தொலைபேசி வழியாக வீட்டுக்காவலில் வைத்தார். அரச குடும்பத்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் ஜார் ஒருவருக்கே. ஜார் என்ன செய்ய முடியும்? வழக்கு நடத்தினால் சாட்சிக்கூண்டில் ஏறுவது அரண்மனை. ரஸ்புதின் அங்கே ஏன் வந்தார் என்பது முதல் கேள்வியாக இருக்கும். பதினோரு ஆண்டுகளாக மூடியதைத் திறக்க வேண்டிவரும். வழக்கே நடத்தாவிட்டால், சட்டம் சீமான்களுக்கு இல்லை என்று ஆகும். அவர் இரண்டுக்கும் நடுவில் விழுந்தார். திமித்ரியைப் பாரசீகப் போர்முனைக்கு அனுப்பினார். யூசுபோவைக் கூர்ஸ்க் மாகாணத்துப் பண்ணைக்கு அனுப்பினார். புரிஷ்கேவிச் ஏற்கனவே தன் மருத்துவ ரயிலில் போர்முனைக்குப் போயிருந்தார், அவரைத் தொடவே இல்லை. திமித்ரிக்குக் கருணை காட்டுமாறு ரோமானோவ் உறவினர்கள் கூட்டாக மனு எழுதினார்கள். கொலை செய்யும் உரிமை எவருக்கும் இல்லை, என்னிடம் இப்படி எழுதியது வியப்பாக இருக்கிறது என்று ஓரத்தில் குறித்து மனுவைத் திருப்பினார். பாரசீகத்துக்குத் துரத்தப்பட்டதால் திமித்ரி உயிர் பிழைத்தார் என்பதும், மனுவில் கையெழுத்திட்டவர்களில் சிலர் பின்னர் சுடப்பட்டார்கள் என்பதும் சரித்திரத்தின் வேடிக்கை.

சதிகாரர்களின் கணக்கு எளிமையானது: பரதேசி ஒழிந்தால் பேரரசி ஒடுங்குவார், ஜார் விழித்துக்கொள்வார், டூமாவோடு சமாதானம் வரும். ஒன்றும் நடக்கவில்லை. புரொத்தோபோபோவ் அப்படியே இருந்தார். புதிய பிரதமராக, தனக்கு வேண்டாம் என்று கெஞ்சிய முதியவர் கலித்சின் வந்தார். நிக்கோலாஸ் இரண்டு மாதம் குடும்பத்தோடு தலைநகருக்கு வெளியே ஜார்ஸ்கோயே செலோ அரண்மனையில் அடைந்து கிடந்தார். இதுவரை எல்லாப் பழியையும் தாங்க ஓர் ஆள் இருந்தார்; ஜார் நல்லவர், சாமியார்தான் கெடுக்கிறார் என்று சொல்ல ஒரு வழி இருந்தது. டிசம்பர் 17க்குப் பிறகு ஆட்சியின் ஒவ்வொரு கோணலுக்கும் கையெழுத்து நேரடியாக அரண்மனையுடையது என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. கொலையாளிகள் தங்களை அறியாமல் அகற்றியது, சிம்மாசனத்துக்கு முன்னால் நின்ற கடைசித் திரையை.

பிப்ரவரி 23 அன்று பெட்ரோகிராடின் ரொட்டி வரிசைகளிலிருந்தும் நூற்பாலைகளிலிருந்தும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 27ஆம் தேதி நகரில் நிறுத்தியிருந்த ராணுவப் படை கிளர்ந்தது. மார்ச் 2, ப்ஸ்கோவ் நிலையத்தில் நின்ற ரயில் பெட்டியில் நிக்கோலாஸ் பதவி துறந்தார். கையெழுத்திடும் முன் அவர் கலந்தது படைத்தளபதிகளோடு மட்டுமல்ல, பேராசிரியர் பியோதரோவோடும். மகனின் மருத்துவர் அவர். பிள்ளைக்கு நோய் தீருமா? தீராது. மகனுக்கு என்று முதலில் எழுதவிருந்த மகுடத்தைத் தம்பி மிகயீலுக்கு மாற்றி எழுதினார். மறுநாள் மிகயீல் ஏற்க மறுத்தார். 304 ஆண்டு வம்சம் அங்கே முடிந்தது.

அதே மாதம் ஜார்ஸ்கோயே செலோவில் புதைத்திருந்த ரஸ்புதினின் உடலைத் தோண்டியெடுத்து எரித்தார்கள். சவப்பெட்டியில், பேரரசியும் நான்கு மகள்களும் கையெழுத்திட்ட சிறிய புனிதப் படம் ஒன்று இருந்தது.

1918 ஏப்ரலில் போல்ஷெவிக் காவலர்கள் நிக்கோலாஸையும் அலெக்ஸாண்ட்ராவையும் மகள் மரியாவையும், காவலில் வைத்திருந்த தொபோல்ஸ்க்கிலிருந்து குதிரை வண்டிகளில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். வழியில் குதிரை மாற்ற நின்ற ஊர் பொக்ரோவ்ஸ்கோயே. வண்டி நின்றது ரஸ்புதின் வீட்டுக்கு நேர் எதிரே. நம் நண்பரின் வீட்டின் முன் நெடுநேரம் நின்றோம், அவர் குடும்பத்தார் ஜன்னலிலிருந்து பார்த்தார்கள் என்று பேரரசி நாட்குறிப்பில் எழுதினார். அலெக்ஸி அந்த வண்டியில் இல்லை. சில வாரங்களுக்கு முன் மறுபடியும் உட்கசிவு. நடக்க முடியாததால் தொபோல்ஸ்க்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.